அரைக் கிலோ மண்: மாதிரி எடுப்பதிலிருந்து மூட்டைக் கணக்கு வரை

ஒரு ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 9 லட்சம் கிலோ இருக்கும். அதில் ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அங்கே அங்ககக் கரிமம் பார்க்க எடுப்பது ஒரு கிராமோ அதற்கும் குறைவோதான். ஆய்வு முடிவு வரும் மண்வள அட்டையில் ஏதாவது எண் நம்பும்படி இல்லையென்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஆய்வகத்தை அல்ல, மாதிரி எடுத்த விதத்தை.

மாதிரி எடுக்கத் தோதான நேரம், அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன். உரமிட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், கிணற்றடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுக்கலாம். மேட்டுப் பகுதி செம்மண்ணாகவும் பள்ளம் கரிசலாகவும் இருந்தால் இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் வரும் சராசரி, நிலத்தில் எங்குமே இல்லாத ஒரு மண்ணைப் பற்றியதாக இருக்கும்.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு (மண்ணைச் சுரண்டக் கூடாது), மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, உள்ளிருக்கும் மண்ணை வெளியே தள்ளுங்கள். பிறகு குழியின் ஒரு சுவரில் மேலிருந்து அடிவரை அரை அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். மேலே கனமாகவும் கீழே போகப்போக மெல்லிசாகவும் சீவிவிடுகிறார்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கரிமமும் மேல் மண்ணில்தான் அதிகம் தங்கும். அதனால் அட்டையில் இரண்டும் உண்மையைவிடக் கூடுதலாக வரும். நெல், சிறுதானியத்துக்கு 15 செ.மீ. ஆழம் போதும். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளிக்கு 22.5 செ.மீ. தென்னை, மா போன்ற மரப்பயிர் என்றால் 30, 60, 90 செ.மீ. என மூன்று அடுக்காக, மூன்று தனிப் பைகளில் எடுக்க வேண்டும்.

நுண்ணூட்டமும் (துத்தநாகம் போன்றவை) பார்ப்பதாக இருந்தால், மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் சீவலால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள் மண்ணைப் பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளியில் கலந்த மண்ணுக்குத் துத்தநாகம் ‘போதுமானது’ என்று வந்தால் அது வாளியின் துத்தநாகமாக இருக்கலாம். யூரியாச் சாக்கை உதறிவிட்டு அதில் மண்ணைப் போடுவதும் இதே வகைக் கூத்துதான்.

சேர்த்த மண்ணைச் சுத்தமான தாளில் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால் பங்குகளை ஒதுக்கிவிட்டு மீதியைக் கலந்து, மறுபடியும் பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பையில் கட்டிவைத்தால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்ந்து தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கை மாற்றிவிடும். பையின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சீட்டு, பென்சிலால் எழுதியது: பெயர், ஊர், புல எண், முந்தைய பயிர், போடப்போகும் பயிர், பாசனமா மானாவாரியா என்பது. மை ஈரத்தில் கலைந்துவிடும்.

ஆய்வகத்தில் மண்ணை இடித்து 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். கார அமில நிலையும் (pH) மின் கடத்துதிறனும் (உப்பின் அளவைக் காட்டுவது) நீரில் கரைத்துப் பார்ப்பவை, எளியவை, நம்பத்தக்கவை. கரிமத்துக்கு வாக்லி–பிளாக் முறை: பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் டைகுரோமேட்டை அளப்பார்கள். அமிலம் ஊற்றிய கையோடு குடுவை பச்சையாக மாறிவிட்டால் டைகுரோமேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மண்ணைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும். உவர் நிலமாக இருந்தால் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்று கரிமத்தைக் கூட்டிக் காட்டும். மணிச்சத்துக்கு நம் பெரும்பாலான நிலங்களில் ஓல்சன் முறை. அமில மண்ணுக்கு பிரே முறை. மலைப்பகுதித் தேயிலை மண்ணுக்கு ஓல்சன் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆய்வகத்தின் மேல் சந்தேகம் இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே மண்ணை இரண்டு பையாக்கி, வேறு வேறு புல எண் எழுதிக் கொடுங்கள். கார அமில நிலை 0.2-க்கு மேல் விலகினால் மற்ற எண்களையும் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அட்டை வந்ததும் முதலில் புல எண்ணைப் பாருங்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் ஆரம்பச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டக் கணக்கில்தான் மாதிரி எடுத்தார்கள். உங்கள் பெயரில் வந்த அட்டை பக்கத்து வயல் மண்ணுடையதாக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து கார அமில நிலை, மின் கடத்துதிறன், கரிமம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர்த்தன்மையை (சோடியம் மிகுதியை) சந்தேகித்து, ஜிப்சத் தேவையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மின் கடத்துதிறனில் ஒரு பொறி இருக்கிறது: உவர் நிலத்துக்குப் புத்தகங்கள் சொல்லும் 4 (dS/m) என்ற வரம்பு, நிறைசெறிவு மண்குழம்பின் (நீர் முழுக்க ஊறிய மண்ணின்) சாற்றுக்கு. அட்டையில் இருப்பது ஒன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை பங்கு நீரில் கரைத்த அளவு. அதில் 1-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு.

தழைச்சத்து எண்ணை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே ‘குறைவு’ என்றே பெரும்பாலும் வரும். மழைக்கும் பாசனத்துக்கும் அது மாறிக்கொண்டே இருக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அப்படியல்ல. மணிச்சத்து 22 கிலோவுக்கு மேல், சாம்பல்சத்து 280 கிலோவுக்கு மேல் என்றால் அந்தச் சத்துக்கான உரத்தைத் தைரியமாகக் கால்வாசி குறைக்கலாம். வருடா வருடம் டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் கொட்டிய நிலங்களில் காசு மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக மூட்டைக் கணக்கு. மத்திய, நீண்ட கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல்சத்து என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20. மணிச்சத்து 20 கிலோவுக்கு டிஏபி சுமார் 43.5 கிலோ, அதிலேயே தழைச்சத்து 7.8 கிலோ வந்துவிடும். மீதி 52.2 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் உரம் 33 கிலோ. டிஏபியில் வரும் தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் யூரியா 17 கிலோ கூடுதலாக விழும். மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்த வயலில் டிஏபி 33 கிலோவாகக் குறையும். யூரியாவை 118 கிலோவாக ஏற்றிக்கொள்ளுங்கள்.