கண்கட்டி என்று கீறியது, புற்றுநோய் என்று முடிந்தது

கண்கட்டிக்கு நாமக்கட்டி குழைத்துப் பூசுவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் ஆறு வயது மகளின் இடது மேலிமை வீக்கம் அதற்கும் அடங்கவில்லை, மருத்துவர் தந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை. காய்ச்சல் இல்லை, தொட்டால் வலி இல்லை, ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களும் இயல்பாகவே இருந்தன. தொற்று என்றால் இவற்றில் ஒன்றாவது மாறியிருக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு அதே கிளினிக்கில் கட்டியைக் கீறினார்கள். சீழ் வரவில்லை. வெளிவந்த இளஞ்சிவப்புச் சதைத் துணுக்கைப் பஞ்சோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள். இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான். குழந்தையின் உடலிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள். அந்தத் துணுக்கு ஆய்வகத்துக்குப் போயிருந்தால் அவளுக்கு இரண்டாவது முறை மயக்க மருந்து தேவைப்பட்டிருக்காது.

வேறொரு கண் மருத்துவர் அவளுக்குப் பின்னால் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, நெற்றிக்கு மேலிருந்து இரு கண்களையும் பார்த்தார். இடது கண் முன்தள்ளியிருந்தது எனக்கே தெரிந்தது. எம்.ஆர்.ஐ., பயாப்சி எல்லாம் தடையின்றி முடிந்தன. முடிவு: ராப்டோமையோசர்கோமா. குழந்தைகளின் கண்குழியிலேயே தோன்றும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். சில வாரங்களிலேயே வளர்ந்துவிடுவதால் தொற்று என்று நினைத்துவிடுகிறார்களாம்.

புற்றுநோய் மருத்துவமனையில் அறிக்கை மட்டும் போதாது, திசுச் சீவல் ஒட்டிய ஸ்லைடும், மீதித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கும் வேண்டும் என்றார்கள். ஆய்வக ஊழியரோ, அறிக்கையின் நகலை மட்டும் நீட்டி, பிளாக்கை வெளியே தருவதில்லை என்று திருப்பி அனுப்பினார். மருத்துவரின் முத்திரையிட்ட கடிதத்தோடு மறுபடி போய், அவர் உள்ளே போய்த் தேடும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. எண் எழுதிய சின்ன மெழுகுக் கட்டி கைக்கு வந்தபோது அழுதுவிட்டேன். அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

முன்பு இதற்குக் கண்ணையே எடுத்துவிடுவார்களாம். இப்போது கீமோவும் கதிர்வீச்சும்தான். கண்குழியோடு நின்றிருந்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகிறார்கள் என்றார் மருத்துவர். அவளுக்கு வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து தொடங்கிவிட்டது.

கதிர்வீச்சு மருத்துவர் முதலில் எங்கே, எவ்வளவு ஆழம் கீறினார்கள் என்று கேட்டார். கிளினிக்கிலிருந்து வாங்கி வந்த சீட்டில் ‘கட்டி அகற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தது, கையெழுத்துகூட இல்லை. வீக்கம் தொடங்கியதிலிருந்து கைப்பேசியில் நான் எடுத்து வைத்திருந்த படங்களைத் தேதிவாரியாகக் காட்டித்தான் இடத்தையாவது அவருக்குச் சொல்ல முடிந்தது.