கச்சான் மாதத்தில் தென்கடல் வேண்டாம்

ஆனி மாதம், இரவு இரண்டு மணி. ராமநாதபுரம் மாவட்டத்தில், வாலிநோக்கத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன மீனவ ஊர். டென்டின் வளைகம்பி ‘படக்’கென்று முறிந்து, துணி மொத்தமும் எங்கள் முகத்தில் விழுந்தது. மகள் அலறி எழுந்தாள். வீட்டுக்காரர் வெளியே போய்ப் பார்த்தால், அடித்து வைத்த எட்டு முளையில் ஆறு காணோம். மணல் ஊசி ஊசியாக முகத்தில் குத்துகிறது. கிடைத்ததைச் சுருட்டிக் காருக்குள் திணித்து, விடியும்வரை உட்கார்ந்தே கிடந்தோம்.

முந்தின நாள் சாயங்காலம் ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் டென்ட் போட்டோம். “காத்து இருக்கும், பாத்துக்கங்கம்மா” என்று அவர் சொன்னார். காற்று எங்கேதான் இல்லை என்று நினைத்துவிட்டேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் ராமநாதபுரம் டவுன்தான். கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தும் அதன் மாதக் கணக்கு எனக்குத் தெரியாது.

காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். முறிந்த கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கச்சான் அடிக்கிற மாசத்துல தென்கடல்ல வந்து கொட்டாய் போட்டா நிக்குமா தாயி? நாங்களே படகை மேல ஏத்தி வச்சிருக்கோம்.”

டென்ட் தூக்கிக்கொண்டு நம்ம கரைக்கு வருகிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நமக்கு இரண்டு கடல். மண்டபம் வரைக்கும் நிலம் ஒரு விரல் மாதிரி நீண்டு கிடக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல்; தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். வடகடலில் அலை எழும்பும், தென்கடல் அடங்கும். மண்டபம் பக்கம் என்றால் ஒரு கடலை விட்டு இன்னொரு கடலுக்குப் போக சில நிமிடம் போதும். அதனால் ஊரைப் பார்த்து இடம் முடிவு பண்ணாதீர்கள், மாதத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். கடையில் டென்டோடு வருகிற கம்பி முளை தோட்டத்து மண்ணுக்குச் சரி, கடல் மணலில் நிற்காது. ஒரு உரச் சாக்கைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே டென்ட் கயிற்றை முடிந்தார். காற்று வரும் பக்கத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிச் சாக்கைப் படுக்க வைத்தார். கயிறு சரிவாக மேலே வருகிற மாதிரி ஒரு சின்ன வாய்க்காலும் கீறிவிட்டார். மேலே மணலைத் தள்ளி மிதித்து, இரண்டு வாளி கடல்தண்ணீர் ஊற்றினார். “இழுத்துப் பாருங்க” என்றார். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் இழுத்தார், அசையவில்லை. மணலுக்குள் புதைந்த நங்கூரம் அது. இப்போது எங்கள் காரில் எப்போதும் எட்டு அரைச் சாக்கு மடித்துக் கிடக்கும். காலி பண்ணும்போது தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். கரையில் விட்டுவரக் கூடாது.

ஆவணியில் வடகடலுக்குப் போனோம். பிரப்பன்வலசைப் பக்கம் ஒருவர் தன் சொந்தத் தோப்பில் டென்ட் போட இடம் விடுகிறார். நம்ம டென்ட் என்றால் ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய். மூன்று கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், பக்கெட், மக். குளிக்க நல்ல தண்ணீர். போனதும் அவர் மேலே கையைக் காட்டி, “தென்னைக்கு நேர் கீழ போடாதீங்க, மட்டை விழும்” என்று சொல்லி, சவுக்கு வரிசைக்கு வடக்கே இடம் காட்டினார். கச்சான் அந்தச் சவுக்கில் மோதி உடைந்துதான் எங்களிடம் வந்தது. ராத்திரி முழுக்க அந்த இரைச்சல் மட்டும், டென்ட் துணி லேசாகத்தான் ஆடியது.

எல்லாத் தனியார் இடமும் இப்படி இருக்காது. இன்னொரு இடத்தில் 1,200 ரூபாய் வாங்கினார்கள். நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றில் தண்ணீர் வரவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஸ்பீக்கரில் பாட்டு. குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று போய்ச் சொன்னதற்கு, “கேம்ப்னா அப்படித்தான் மேடம்” என்று பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடல் பத்தடியில் இருக்கிறது, அதன் சத்தம் ஒரு நிமிடம்கூடக் காதில் விழவில்லை.

பொது இடம் என்றால் எல்லாரும் அரியமானைச் சொல்வார்கள். உச்சிப்புளியைத் தாண்டி வடக்கே திரும்பினால் வரும். பகலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சவுக்கு நிழல், ஆழமில்லாத கடல், குழந்தைகளை இறக்கிவிடலாம். அங்கே டென்ட் போட்டு மதியம் தூங்கியிருக்கிறோம். ராத்திரி தங்க அங்கே இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள், திரும்பிவிட்டோம். தனுஷ்கோடியிலும் பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பரில் ஒரு ராத்திரியில் ரயிலோடு ஊரையே கடல் கொண்டுபோன இடம் அது, அந்தக் கட்டுப்பாடு சரிதான். மதுரையிலிருந்து ஒரு தோழி, “தீவுல போட முடியுமா?” என்று கேட்டாள். முடியாது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறை இருக்கிறது, கடல்புல் இருக்கிறது. அவை பத்திரமாக இருந்தால்தான் இந்தக் கரையில் மீன் இருக்கும்.

பொது இடத்தில் எனக்கு உள்ள ஒரே கவலை கழிப்பறை. ஆண்கள் இதைப் பற்றி எழுதவே மாட்டார்கள். வாலிநோக்கம் பக்கம் போன அன்று, ராத்திரி எழுந்திருக்க வேண்டாம் என்று நானும் மகளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை. ஆனி வெயிலில் காய்ந்துவிட்டு ஒரு பதின்மூன்று வயசுப் பெண் தாகத்தோடு படுப்பதை எந்த அம்மா தாங்குவாள்? கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நான்கு டென்டுக்கு இடம், பூட்டுப் போட்ட இரண்டு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும். சாவி ஊர்ப் பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். ராத்திரிக்கு 300 ரூபாய் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

இடம் பார்க்கும்போது உடைமர நிழலில் மயங்கிவிடாதீர்கள். வெள்ளை முள் விரல் நீளத்துக்கு மணலுக்குள் கிடக்கும். எங்கள் தரைத்துணியில் மூன்று ஓட்டை அப்படி விழுந்ததுதான். இப்போது ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் முழுக்க நடப்போம். முள்ளெல்லாம் செருப்பின் அடியில் ஏறிவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஒரு நடை. வீட்டுக்கு வந்ததும் டென்டை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஜிப்பில் உப்பு பிடித்தால் திறக்காது. காய்ந்தபின் மெழுகுவர்த்தியை ஜிப் பல்லில் தேய்த்தால் ஓடும்.

இந்தத் தை மாதம் அதே ஊருக்குத் திரும்பப் போனோம். வாடை வடக்கிலிருந்து, நிலத்தைக் கடந்து வந்தது. தென்கடல் ஒரு மடிப்பும் இல்லாமல் கிடந்தது. ஆனியில் பார்த்த கடல் இதுதானா என்று மகள் கேட்டாள். பெரியவர் ஒரு கூறு ஓரா மீன் கொடுத்தார், காசு வாங்கவில்லை. குண்டு மிளகாய் வறுத்து அரைத்துக் கொண்டுபோயிருந்த பொடியில் குழம்பு வைத்து, அவருக்கும் ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்பினோம். விளக்கை அணைத்துப் படுத்தபிறகு மகள் என் கையைப் பிடித்து, “அம்மா, காதைத் தரையில வை” என்றாள். வைத்தேன். துணிக்கு அடியில், மணலுக்குள், நண்டுகள் வளை தோண்டுகிற சுரண்டல். சுர்ர்… நிறுத்தம். சுர்ர்… நிறுத்தம். அதைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

அந்த ஊரில் இந்தத் தடவை கழிப்பறைப் பிரச்சினையும் இல்லை. பெரியவரின் மருமகள் ராத்திரியே வீட்டுக் கதவைக் காட்டி, “எந்நேரமும் வாங்கக்கா, தாழ் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

அடுத்து வைகாசிக் கடைசியில் வடகடலில், தொண்டிப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். குடும்பத்தோடு தங்குகிற மாதிரி இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள், கடல் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.