886 கிராம்

அக்டோபர் 16
வில்லுக்கான மரம் 912 கிராம். சமையலறைத் தராசின் மேல் குறுக்கே வைத்து, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து பார்த்தது. போன் இல்லை.

அக்டோபர் 17
விடாத மழை. இது ஹிக்கரி என்கிற அமெரிக்க மரம், ஈரம் ஆகாது. உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தோடு வளைத்தால் வளைந்த வாக்கில் நின்றுவிடும், பிறகு நிமிராது. இதெல்லாம் தெரிந்தும் ஐப்பசியில், தக்கலையில், பிரித்து வைத்திருக்கிறேன். மகன் கொண்டுவந்து தந்த வில் செய்யும் கிட், இரண்டு வருடம் அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. இப்போது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புறத்து அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே பரணில் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 19
897.

அக்டோபர் 20
1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலை 1982இல் தூக்கினார்கள். உள்ளே நூற்றுக்கும் மேல் வில் இருந்தது. 437 வருடம் கடல் சேற்றில். அது யூ என்கிற வேறு மரம், சரி. எனக்கு இந்த ஒரு மழைக்கே தூக்கம் போகிறது.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை சொல்வோம் என்றார்கள். எந்தத் திங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 22
886. நேற்றும் 886. இனி இறங்காது, இழைக்கலாம்.

ஆசாரி மாமா வந்தார். நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். "அயினியை விடக் கனம் உண்டு மக்கா." முதுகுப் பக்கம் உளி படக் கூடாது, நம்மைப் பார்க்கிற பக்கத்தை மட்டும்தான் சீவ வேண்டும் என்றேன். "எனக்கே சொல்லித் தாறியா? முதுகில நார் அறுந்தா பொளந்துரும்லா." அப்புறம் சிரித்தார். "நமக்கு வில்லுன்னா குடத்து மேல வச்சு அடிக்கதாக்கும்."

அவள் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

அக்டோபர் 24
கிணற்றுக் கப்பியைக் கழற்றி ஷெட் சுவரின் அடியில் அடித்தேன். வில்லை மேலே படுக்க வைத்து, நாணில் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து தள்ளி நின்று இழுத்தால் வளைவு முழுதாகத் தெரியும். சுவரில் கரியால் அங்குலக் கோடுகள். கயிற்று நுனியில் பெட்டி நிறுக்கும் தராசு. பத்துச் சீவலுக்கு முப்பது இழுப்பு. மரம் பழக வேண்டும்.

மேல் பாதி நல்ல வளைவு. கீழ் பாதியில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓர் இடம் மட்டும் முழங்கால் மாதிரி மடங்குகிறது. அங்கே நேற்று கூடுதலாகச் சீவிவிட்டேன். சீவியதைத் திரும்ப வைக்க வழியில்லை. அந்த இடத்தைத் தொடாமல் மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்கு மெலிய வைக்க வேண்டும். 28 அங்குலம் இழுக்கும்போது தராசு 40 பவுண்டு காட்ட வேண்டும் என்று கணக்கு. 35 கிடைத்தால் பெரிது. ஏன் கூடுதலாகச் சீவினேன்? கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இழுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கயிறு கையை விட்டுப் போய், நாண் அடித்த சத்தத்தில் அவள் ஓடி வந்தாள். லோன் வேண்டுமா என்று ஒரு பெண். அந்தப் பிள்ளையிடம் கத்திவிட்டேன்.

அக்டோபர் 25
பஞ்சால் வில்லின் முதுகு முழுக்கத் தடவினேன். சிலாம்பு கிளம்பியிருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை. மறுபடியும் தடவினேன். ராத்திரி டார்ச் அடித்து இன்னொரு தடவை.

அக்டோபர் 26
அவள் எடை பார்த்தாள். சொல்லவில்லை. எண் அணைவதற்குள் பார்த்துவிட்டேன். 53.

அக்டோபர் 28
25 அங்குலத்தில் 14 கிலோ, அதாவது 31 பவுண்டு. முழங்கால் மடிப்பு போன மாதிரி இருக்கிறது. இல்லாத மாதிரியும் இருக்கிறது. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். வலது கையால்தான் தூக்கினாள். "இழுங்க, நான் பாக்கேன்." இழுத்தேன். "கீழ ஒண்ணும் இல்ல. மேல நுனியில ஒரு முழம் வளையவே இல்ல பாருங்க, கம்பு மாதிரி நிக்குது."

நான்கு நாளாக நான் அந்த நுனியைப் பார்க்கவே இல்லை. இருபது சீவல். இழுத்தேன். "இப்ப செரி."

திங்கள். போன் இல்லை.

அக்டோபர் 30
நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். காலை 5.50 பஸ், திருவனந்தபுரம். பழைய ரிப்போர்ட் எல்லாம் மஞ்சள் பையில். நாணைக் கழற்றிப் பரணில் கட்டும்போது அவளே கயிறு எடுத்துத் தந்தாள். எடை பார்க்கவில்லை. இன்னும் மூன்று அங்குலம் பாக்கி.