கத்தும் சென்சாரும் கேட்காமலே ஓடும் ஏசியும்

மழை நாளில் பின்னால் எதுவுமே இல்லாதபோதும் என் காரின் பார்க்கிங் சென்சார் விடாமல் கத்துவதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. பம்பரில் பதிந்த அந்தச் சிறு வட்டுகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பதால், முகப்பில் ஒட்டிய நீர்த்துளியோ சேறோகூட அவற்றைக் குழப்பிவிடும். மெல்லிய கம்பியையும் ஒலியை உறிஞ்சும் மென்மையான பரப்பையும் அவை கவனிக்காமல் விடுவதுதான் உண்மையில் அஞ்சத்தக்கது.

ஏசியின் விசித்திரம் வேறு வகை. முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் பொத்தானை அழுத்தியதும், குளிரான நாளிலும்கூட, பல கார்களில் கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்குகிறது. காற்றைக் குளிர்வித்து அதன் ஈரத்தை வடித்த பிறகே ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்புகிறது என்பதை என் காரின் கையேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது (அந்த வரியையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்). பெரும்பாலும் உள்காற்றுச் சுழற்சியும் அப்போது தானே அணைந்து, வெளிக்காற்று உள்ளே வருகிறது.