கன்னரி சார்

கன்னரி சார் போய்விட்டார் என்று குரூப்பில் செய்தி வந்ததும் பாதிப் பேர் கேட்டது, "அவர் நிஜப் பேர் என்ன?" என்றுதான். எனக்கும் சட்டென்று வரவில்லை.

நேவியில் கன்னரி எனப்படும் பீரங்கிப் பிரிவிலிருந்து ரிட்டையராகி நம் பள்ளிக்கு டிரில் மாஸ்டராக வாய்த்தவர். "நான் துரோணாச்சாரியார்கிட்டப் படிச்சவன்டா" என்பார். கட்டைவிரல் பத்திரம் என்று பின்வரிசையில் கிசுகிசுப்போம். கொச்சியில் இருக்கும் கடற்படை கன்னரி பள்ளியின் பெயரே ஐஎன்எஸ் துரோணாச்சார்யா. 2023 மார்ச்சில் குடியரசுத் தலைவர் முர்மு அதற்குக் கொடி வழங்கினார். அந்தச் செய்தியைப் பார்த்தபோது சாரின் அந்த வரிதான் காதில் விழுந்தது.

பீரங்கி கற்றவர்களிடமே பரேடையும் ஒப்படைப்பது பிரிட்டிஷ் கடற்படை வழக்கம். 1830இல் போர்ட்ஸ்மத்தில் 'எக்ஸலன்ட்' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர்கள் அவர்கள். அந்த வழக்கம் கொச்சி வழியாகப் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து, சாக்பீஸ் தேய்த்த நம் கேன்வாஸ் ஷூக்களின் மேல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு, ஆடி மாசம். பேர் கூப்பிட்டார், சொன்னேன். "கேக்கல." மறுபடி சொன்னேன். "பனைமரத்துக்கிட்டப் போய் நின்னு சொல்லுடா!" கணவாய்க் காற்று மேற்கே இருந்து அடிக்கிறது, நான் கத்துவதெல்லாம் பொள்ளாச்சிக்குப் போகிறது. ஜன்னலெங்கும் பெண்பிள்ளைகளின் தலைகள். கேட்டில் நின்ற பியூன் பாவப்பட்டுக் கை தூக்கிய பிறகுதான் விட்டார். பீரங்கிச் சத்தத்தில் அவருக்கு இடது காது எப்போதோ போயிருந்ததாம். நம் யாருக்கும் அது தெரியாது. இன்று மீட்டிங்கில் எனக்கு மைக் வேண்டாம் என்கிறார்கள். இதற்கு அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

நான் இருக்கும் கனெக்டிகட்டில் 'தி கன்னரி' என்றே ஒரு பள்ளி இருந்தது. பீரங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1850இல் தொடங்கிய ஃபிரெடரிக் கன்னின் பெயரால் வந்தது. அடிமை முறையை எதிர்த்த மனிதர். 1861இல் பையன்களைக் கடற்கரை வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டவர். 2020இல் அவர் முழுப் பெயரையே பள்ளிக்கு வைத்துவிட்டார்கள். சாரிடம் சொல்லியிருந்தால், "நடந்தா போனாங்க? சபாஷ்!" என்றிருப்பார்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்காக நேவி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். நான் கோயம்புத்தூருக்கு இன்ஜினீயரிங் படிக்கப் போனேன், அப்புறம் இங்கே. லீவில் வரும்போதெல்லாம் கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி அவர் வீட்டுச் சந்து வழியாகத்தான் கார் போகும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் ஒருமுறைகூட நிறுத்தச் சொன்னதில்லை.