90 யூரோ மிச்சம், எதிர்க்காற்று இலவசம்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, வலது முழங்கால் இன்னும் படியேற மறுக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுங்கள். நாங்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டினோம்.

காரணம் காசுதான். தென்கரையில் இருக்கும் ஃபாரோவுக்கு மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது. அதே கரையில் லாகோஸ் ஊரில் கிராவல் பைக் வாடகை நாளுக்கு 30 யூரோ. அதையே கடைக்காரர்கள் வடக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் தலைக்கு 90 யூரோ கூடுதல். "எதுக்கு மாமா தண்டம்? இங்கிருந்தே கிளம்பி, இங்கேயே திரும்பிடுவோம்" என்றான் என் மனைவியின் தம்பி. எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

அங்கே கோடையில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். நொர்ட்டாடா என்று அதற்குப் பெயரே உண்டு. அசோர்ஸ் தீவுப் பக்கம் கடல்மேல் காற்றழுத்தம் கூடி நிற்கும், ஸ்பெயின் உள்நாடு வெயிலில் காய்ந்து அங்கே அழுத்தம் குறையும், நடுவில் இந்தக் கரை மாட்டிக்கொள்ளும். மே கடைசியிலேயே ஆரம்பித்திருந்தது. காலையில் சாதுவாக இருக்கும், மதியத்துக்கு மேல் இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகரும். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து தெற்கே பாய் விரித்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்குத் தெரிந்தது, கையில் மூன்று வானிலைச் செயலி வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

கிராவல் பைக் என்றால் பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில், ஆனால் தடித்த டயர். எங்களுடையது 42 மில்லிமீட்டர். செம்மண், சரளை, மாட்டுவண்டித் தடம் மாதிரியான பாதை எல்லாம் தாங்கும். மணல் மட்டும் தாங்காது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் சாக்ரெஸ் வரை தார்ச்சாலையில் லாரிகளோடு போனோம், சொல்ல ஒன்றுமில்லை. சாவ் விசென்ட் முனை ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்மேற்கு மூலை. கலங்கரை விளக்கம், செங்குத்துப் பாறை, பேருந்து பேருந்தாகக் கூட்டம். நின்று படம் எடுக்கலாம் என்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது.

ஆனால் கரப்பாட்டெய்ரா! வந்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது. ஊருக்கு மேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டைச் சுற்றி மண்சாலை போகிறது. ஒரு பக்கம் பொர்டெய்ரா கடற்கரை, மறுபக்கம் அலைச்சறுக்குப் பையன்கள் மொய்க்கும் அமாடோ கடற்கரை. நடுவில் கருத்த படிவப்பாறை அடுக்கடுக்காக மடிந்து கடலில் இறங்குகிறது. அதன் விளிம்பில் தூண்டிலோடு கிழவர்கள் நிற்கிறார்கள், கீழே பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றுகிறது. வெயிலில் சிஸ்டஸ் புதர்களின் பிசின் வாசனை, குங்கிலியம் புகைத்த வீடு மாதிரி. அந்தச் சுற்றை மூன்று தடவை ஓட்டினோம். மூன்றாவது தடவை தேவையே இல்லை, ஆனாலும் ஓட்டினோம்.

அல்ஜெசூர் தாண்டி ஒடெசெய்ஷ். அதற்கு வடக்கே ஒரு கல் என் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. டியூப்லெஸ் டயர்; ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருந்த பசைப் பால் மொத்தமும் பீய்ச்சியடித்து என் காலில். பக்கத்து டீக்கடை மாதிரி ஒரு காஃபேயில் சொன்னோம், அந்த அம்மா டாக்சிக்குப் போன் செய்தார். வந்த ஆள் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார். "நாற்பத்தைந்து." சைக்கிள் கடை வரை தூரம் 14 கிலோமீட்டர். மீட்டர் போடச் சொன்னால், சைக்கிள் ஏற்றினால் மீட்டர் கிடையாதாம். மச்சினன் தமிழில் ஏதோ சொன்னான், இங்கே எழுத முடியாது. கொடுத்தோம். வேறு வழி? இறங்கிப் பார்த்தால் சைக்கிள் கடை மதிய உணவுக்கு மூடியிருக்கிறது. மூன்றரை மணி வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றரைக்குக் கடைக்காரர் வந்தார். டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு யூரோ இருக்கா?" என்றார். இவ்வளவு மலிவா என்று நோட்டை நீட்டினேன். அதை நாலாக மடித்துக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, மேலே என்னிடமிருந்த டியூபையே போட்டுக் காற்றடித்தார். நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது, லேசில் கிழியாது. டியூப் வெளியே பிதுங்காமல் தடுத்துப் பிடிக்கும். எங்களிடம் டியூப் இருந்தது, பம்ப் இருந்தது, ஐந்து யூரோவும் இருந்தது. ஐந்து யூரோ வித்தையைப் படிக்க நாற்பத்தைந்து யூரோ ஃபீஸ். மனிதர் கூலி என்று ஒரு காசு வாங்கவில்லை.

அன்று இரவு சாவ் தியோடோனியு. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள், உள்ளே ராஸ்ப்பெர்ரி. பறிப்பவர்கள் பெரும்பாலும் நேபாளம், இந்தியா, வங்கதேசத்துக்காரர்கள். வீதியில் பாதிப் பேர் நம் ஜாடை. மளிகைக் கடையில் துவரம் பருப்பும் மேகி நூடுல்ஸும். ஒரு நேபாளிச் சாப்பாட்டுக் கடையில் பருப்பு, சோறு, கீரை, ஊறுகாய் 8 யூரோ, சோறு கேட்கக் கேட்கப் போட்டார்கள். பக்கத்து மேசைப் பஞ்சாபிப் பையன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "லீவு போட்டு, காசு கொடுத்தா சைக்கிள் மிதிக்க வந்தீங்க?" அவன் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறானாம். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கரையைத் தீண்டப்படாத இயற்கை என்று எழுதுகின்றன. பாதிக் கரை பிளாஸ்டிக் போர்த்தியிருக்கிறது. மீதியில் யூகலிப்டஸ் தோப்புகள். 2023 ஆகஸ்டில் இங்கே பிடித்த தீ ஒடெசெய்ஷ் வரை வந்தது. கருகிய மரங்கள் அடியிலிருந்து திரும்பத் துளிர்த்து நிற்கின்றன.

மறுநாள் சர்தாவ் முனை. கடலுக்குள் தனியாக நிற்கும் பாறைத் தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இவை இப்படிக் கடற்பாறையில் குஞ்சு பொரிப்பதில்லை என்கிறார்கள். கீழே அலை அறைகிறது, காற்று கூட்டையே பிய்த்துவிடும் போல அடிக்கிறது, நாரை ஒற்றைக் காலில் நின்று குஞ்சுக்கு நிழல் கொடுக்கிறது. அங்கே கலங்கரை விளக்கக் கட்டடத்தின் கோபுரம் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். கட்டும்போது வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. திசை மாறிப் போனவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

இப்போது மணல். இந்தக் கரையில் இரண்டு பாதைகள். விளிம்பை ஒட்டிப் போகும் மீனவர் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். உள்ளே தள்ளிப் போகும் வரலாற்றுப் பாதையில் சைக்கிள் போகலாம். இது தெரிந்தும், அல்மொக்ரேவ் தாண்டி, "மாமா, செயலியில ஒரு குறுக்குவழி காட்டுது" என்றான். நானும் தலையாட்டினேன். இருநூறு மீட்டரில் டயர் பாதி புதைந்தது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் தள்ளல்தான், செருப்பில்லாமல் மெரினாவில் மதியம் நடப்பது மாதிரி. எதிரே வந்த ஒரு ஜெர்மன் பாட்டி நிறுத்தி, மணல்மேட்டுச் செடி எல்லாம் நசுங்குகிறது, பலகையில் போட்டிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று கேட்டார். தப்பு எங்கள்மேல்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்து தள்ளினோம்.

வில நோவா டெ மில்ஃபொன்டெஸ் போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. விடுதி அம்மா அறையைக் காட்டி, "ஜனெலா" என்று ஜன்னலைத் திறந்தார், "மேஸா" என்று மேசையைத் தட்டினார், "ஷாவ்" என்று சாவியைக் கையில் வைத்தார். நாங்கள் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. நாங்களும் இதையேதான் சொல்வோம் என்று புரியவைத்ததும் அந்த அம்மா அலமாரியைக் காட்டினார். அதுவும்!

அன்றைய சாப்பாடு அசோர்டா. காய்ந்த ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொதி தண்ணீர், மேலே ஒரு முட்டை. கூடவே கைநிறையக் கொத்தமல்லி இடித்துப் போடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு வந்து ஆறு வருஷத்தில் ஒரு உணவகத்தில் கொத்தமல்லி இப்படி மணத்து நான் பார்த்ததில்லை. மிஞ்சிய ரொட்டியை வீணாக்காத ஏழை வீட்டுச் சாப்பாடு, நம் பழைய சோறு மாதிரி. 9 யூரோ. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள், அது இலவசமில்லை. தொடாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாங்கள் 7 யூரோவுக்குத் தொட்டுவிட்டோம்.

காமா பிறந்த சினெஸ் இன்னும் வடக்கே. காற்று போதும் என்றது, அங்கேயே திரும்பினோம். போக ஐந்து நாள், திரும்ப இரண்டே நாள்! ஒடெமிரா வழியாக உள்நாட்டு மண்சாலை, காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. வழியெல்லாம் தக்கை மரங்கள், பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில். மரத்தில் வெள்ளையாக ஒரு எண் எழுதியிருக்கும்: உரித்த வருஷத்தின் கடைசி இலக்கம். அடுத்து உரிக்க ஒன்பது வருஷம். போகும்போது தலை குனிந்தே மிதித்ததில் ஒரு மரத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இனி செலவு விவரம். ஏழு நாள் வாடகை தலைக்கு 210, தங்க இருவருக்கும் சேர்த்துச் சராசரி இரவுக்கு 50, சாப்பாடு தலைக்கு நாளுக்கு 25க்குள். குடிதண்ணீரைச் சிற்றூர்க் குழாய்களிலேயே பிடித்தோம். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், காலை ஏழுக்குள் கிளம்புங்கள், டியூப் இரண்டு வையுங்கள்.

லாகோஸில் சைக்கிளைக் கொடுத்தபோது கிழிந்த டயருக்கு 40 யூரோ பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகு மச்சினனுக்கு ஞாபகம் வந்தது: "மாமா, அந்த அஞ்சு யூரோ உள்ளேயே இருக்கே!" திரும்பிப் போய்க் கேட்க எனக்கு வெட்கம். அவனுக்கு இல்லை. போனான், வாங்கி வந்தான். நோட்டு முழுக்கப் பசைப் பால் ஒட்டியிருந்தது. ரயில் நிலையத்துக் காஃபேயில் அதை வாங்கமாட்டேன் என்றுவிட்டார்கள்.