கடுகண்ணாவையில் கோச்சி, கம்பளையில் லயம்

16.08.2024, வெள்ளி, நாவலப்பிட்டி

நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று நூதனசாலைகள் பார்க்கப் போகிறேன். கடுகண்ணாவையில் ரயிலும் வீதியும், திரும்பும் வழியில் கம்பளையில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. "பழைய சாமானப் பாக்க இவ்வளவு தூரம் போவணுமா?" என்று கேட்டார். ஆனாலும் சேலையை இன்றைக்கே மடித்து வைத்துவிட்டார்.

17.08.2024, சனி

கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் காலையில் போய் இறங்கினோம். ரயில் நூதனசாலை ஸ்டேசனோடு ஒட்டியே இருக்கிறது. கோப்பியை இறக்கத்தான் இந்த மலையில் பாதை போட்டார்கள். 1867இல் கண்டிக்குக் கோச்சி வந்தது. அதே வருடம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பி நோயில் அழிந்துபோனதும், பாதை தேயிலைக்கு ஆனது.

எஞ்சின்களை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அம்மா ஒரு பழைய பெட்டியின் ஜன்னலருகே நின்றவர் நகரவே இல்லை. பெரியம்மா 1972இல் இந்தியா போனபோது அம்மாவுக்குப் பதினொரு வயது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிப்போன அந்த வண்டியை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சொன்னார்கள். "ஹட்டன் ஸ்டேசன்ல அக்கா கையப் புடிச்சிக்கிட்டே ஓடுனேன். ஓட்டம் கூடுனதும் அவதான் கைய விட்டா" என்றார். இதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

வீதி நூதனசாலையில் பழைய ரோலர்களைப் பார்த்துவிட்டு, டோசன் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். கண்டி வீதி போட்ட கப்டன் டோசனுக்காக 1832இல் கட்டியது. அப்புறம் பஸ் பிடித்துக் கம்பளை. அங்கிருந்து ஆட்டோவில் மேலே ஏறினால் ஓல்ட் பீக்கொக் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயம் ஒன்றையே நூதனசாலையாக்கி இருக்கிறார்கள்.

லயத்து அறையான காம்பராவுக்குள் கால் வைத்ததும் அம்மா தானாகவே தலையைக் குனிந்தார். தப்பு மேளம், கம்பளி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கொழுந்துக் கூடையைக் கண்டதும் முந்தானையை விலக்கி, உச்சந்தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கயிறு அழுத்திய இடத்தில் மயிர் உதிர்ந்து, விரல் அகலத்துக்கு வழவழப்பாக ஒரு பள்ளம். இத்தனை வருடம் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தும் அதை வழுக்கை என்றே நினைத்திருந்தேன்.

18.08.2024, ஞாயிறு

கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவை வாட்ஸ்அப்பில் அழைத்தோம். கூடை, தப்பு எல்லாம் சொல்லி முடித்து, கவ்வாத்துக் கத்திக்கு வந்ததும் பெரியம்மா, "அப்பா கத்தி எங்கிட்டதானே இருக்கு" என்றார். இங்கிருந்து போகும்போது பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுபோனாராம்.

சற்று நேரத்தில் படம் வந்தது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. பிடியில் தாத்தா சுற்றிய செப்புக் கம்பி அப்படியே இருக்கிறது. அம்மா படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணினார். ஒன்பது.